கடைமடைக் கூச்சல்

உப்பில்லாத அவரைக்காய்க் குழம்பைச் சாந்திராஜ் சோற்றில் பிசைந்து முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டான். மோர் ஊற்ற வந்தபோதுதான் மாமியார் தர்மவதிக்குத் தெரிந்தது, அடுப்பு மேடையிலிருந்து அவள் எடுத்து வந்தது மகள் மாலினிக்கென்று தனியாக வைத்திருந்த சட்டி என்று.

"அய்யய்ய, மாப்ள! அது மாலினிக்கு வெச்சது. உப்பு போடாதது. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"பரவால்ல அத்த."

"இன்னா பரவால்ல? தெரியலியா உங்களுக்கு?"

அவன் தட்டைப் பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை. "சாப்டாச்சே" என்றான்.

கதவோரம் நின்றிருந்த மாலினி சிரித்தாள். "எனக்காவது விரதம். மாமாவுக்கு இன்னா வந்துது?"

தர்மவதி சிரிக்கவில்லை. மூத்த மகள் ராஜமதி இறந்து இரண்டு வருஷமாக இந்த மனிதன் இப்படித்தான் சாப்பிடுகிறான். போட்டதைச் சாப்பிடுவான். போடாவிட்டால் கேட்க மாட்டான்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற சாலையில் வீடு. வீட்டை ஒட்டிக் கடலை உடைக்கிற மிஷின் ஷெட். மாமனார் தர்மநாதன் கழனியைப் பார்த்துக்கொண்டார். சாந்திராஜ் மிஷினைப் பார்த்துக்கொண்டான். அவன் ஊர் வீரணாமூர். விலங்கியல் எடுத்தால் தவளை அறுக்கவேண்டும் என்று வீட்டில் பயந்து வேதியியல் படிக்கவைத்தார்கள். பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம். மனைவி போன பிறகும் அவன் ஊருக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால், சீசன் முடியட்டும் என்பான். கடலைக்கு ஒரு சீசன் முடிந்தால் இன்னொன்று வந்தது.

ராஜமதிக்கு எட்டாம் மாதம் கால் வீங்கியது, பிறகு முகம். பிள்ளைப்பேறு பார்க்கிறவள் வந்து உப்பை நிறுத்தச் சொன்னாள். ராஜமதியால் முடியவில்லை. உப்பு நார்த்தங்காய் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஜாடியில் கைவிட்டு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டுதான் உட்காருவாள். ஒரு நாள் காலையில் வலிப்பு வந்தது. திண்டிவனம் போகிற வழியில் வண்டியிலேயே முடிந்துவிட்டது. வயிற்றுக்குள் இருந்ததும் போயிற்று. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். 'நாக்க அடக்கியிருந்தா நல்லா இருந்திருப்பா.' சாந்திராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்திலிருந்து வீட்டில் நார்த்தங்காய் போடுவது நின்றுபோனது.

இப்போது மாலினிக்குத் தலைவலி. ஜ்வாலாமாலினி என்று பெயர், பத்தொன்பது வயசு. பொங்கலுக்கு ஆரம்பித்தது. பின்மண்டையில் உலக்கையால் இடிக்கிறது என்றாள். பிறகு கண் மங்கியது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. காந்தி பஜாரில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் அரங்கநாதன் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பாதரசத்தைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார். இந்த வயசுக்கு வரக்கூடாத ரத்த அழுத்தம் என்றார். மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைத்துக்கொள்ளம்மா என்றார்.

குறைப்பது இந்தச் சமண வீட்டுக்குத் தெரியாத வேலை. எதையும் விடத்தான் தெரியும். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மண்ணுக்குக் கீழே விளைகிற கிழங்கு எதுவும் இல்லை, பொழுது சாய்ந்தால் சோறும் தண்ணீரும் இல்லை. அந்த வாரமே மாலினி அம்மாவோடு மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போனாள். பார்சுவநாதர் முன்னால் நின்று, அடுத்த பங்குனி வரைக்கும் உப்பைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரத்தக் கொதிப்பு என்றால் சூடு என்று கேள்விப்பட்டு, தர்மவதி வாராவாரம் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள். சித்திரை வெயில் கோட்டைப் பாறைகளில் பட்டு ஊருக்குள் திரும்பியது. மாலினிக்குத் தாகமான தாகம். பகலில் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் மூத்திரமாகப் போனது. பொழுது சாய்ந்த பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டாள். மார்பெலும்பு தெரிய ஆரம்பித்தது.

மிஷின் ஷெட்டில் பருப்புப் புடைக்கிற விருத்தாம்பாள், முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நைனார் வூட்டுப் பொண்ணுன்னா இதான். எங்கூட்டுப் பொண்ணும் ஒண்ணு கீதே, கருவாடு இல்லன்னா சட்டிய ஒடைக்குது."

"நீ வேற" என்றான் சாந்திராஜ். "அவ எளச்சிக்கினே போறா."

"விரதம் இருந்தா எளைக்காம பெருக்கவா செய்வாங்க? நீ கூடத்தான் ரெண்டு வருசமா எளைக்கற. நீ இன்னா விரதம்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சாந்திராஜ் பெல்ட்டை மாட்டி மிஷினை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனபோது பாதரசம் முன்பைவிட மேலே நின்றது. அரங்கநாதன் விளக்கைப் பிடித்து மாலினியின் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு சாந்திராஜைத் தனியே கூப்பிட்டார்.

"இது என் கையில இல்ல தம்பி. மெட்ராஸ் கூட்டிம்போங்க. தள்ளிப்போடாதீங்க."

*

தர்மநாதனுக்குக் கழனியில் கடலை பிடுங்குகிற நேரம். தர்மவதியும் சாந்திராஜும்தான் மாலினியை அழைத்துக்கொண்டு போனார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜாங்கம் என்பவரிடம் அனுப்பினார்கள். ஊசியில் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். இன்னும் சில சோதனைகள் செய்தார்கள். கடைசியில் ராஜாங்கம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வலது சிறுநீரகம். இது இடது. என்ன தெரியுது?"

"எடது சின்னதா இருக்குது" என்றான் சாந்திராஜ்.

"பாதிகூட இல்ல. அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சுருங்கிடுச்சி. ரொம்ப நாளாவே சுருங்கிட்டு வந்திருக்கும்."

தர்மவதி கேட்டாள்: "ரத்தக் கொதிப்புன்னாங்களே, சார்?"

"கொதிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. சிறுநீரகம் மூத்திரம் பிரிக்கற வேல மட்டும் செய்யறதில்ல. ஒடம்புல ரத்தம் எறங்கிப் போச்சான்னு காவல் பாக்கறதும் அதுதான். எறங்கினா ரெனின்னு ஒண்ண ரத்தத்துல விடும். அதனால இன்னொரு பொருள் உண்டாகும். அது ஒடம்புல இருக்கற சின்னச் சின்னக் குழாயெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். சிறுநீரகத்துக்கு மேல குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதையும் தூண்டிவிட்டு, உப்பை வெளிய விடாம பிடிச்சு வைக்கச் சொல்லும். எல்லாமே ஒடம்பைக் காப்பாத்தத்தான். அழுத்தம் எறங்கக்கூடாதுன்னு."

"எறங்கலியே. ஏறித்தானே கெடக்குது?" என்றான் சாந்திராஜ்.

"அதான் வினை. இந்த எடது சிறுநீரகத்துக்கு மட்டும் ரத்தம் பத்தல. தனக்குப் பத்தலன்னா ஒடம்புக்கே பத்தலன்னு அது நெனைச்சுக்குது. சும்மா கத்திட்டே இருக்கு. சாப்பாடு என்ன குடுக்கறீங்க?"

தர்மவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உப்பு விட்டது, விளக்கெண்ணெய், ராத்திரித் தண்ணீர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் டாக்டர் பாராட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"யாரு சொன்னது உப்பை அடியோட விடச் சொல்லி?"

"கொறைக்கச் சொன்னாங்க. நாங்க விட்டுட்டோம்."

ராஜாங்கம் படத்தை மேஜைமேல் வைத்தார். "குறைச்சிருந்தா சரி. நல்லா இருக்கற வலது சிறுநீரகம் இந்த அழுத்தத்தத் தாங்காம உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளுது. நீங்க உள்ளயும் உப்பு விடல. பேதியும் குடுத்திருக்கீங்க. இப்ப ஒடம்பு நெஜமாவே வத்திப்போச்சு. மொதல்ல அது பொய்யாக் கத்திச்சு. இப்ப நியாயமாவே கத்துது."

செய்யவேண்டியதைச் சொன்னார். இன்றிலிருந்து உப்புப் போட்ட கஞ்சி. பிறகு ஆபரேஷன்: இடது சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டும். குழாயைச் சரிசெய்ய முடியாதா என்று சாந்திராஜ் கேட்டான். சிறுநீரகமே வதங்கிவிட்டது, இனிப் பிழைக்காது என்றார். வலது ஒன்றே போதும். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுவைத்தால் மூளைக்குள் ரத்தக் குழாய் வெடிக்கும், இல்லையென்றால் வலிப்பு வரும் என்றார்.

வலிப்பு என்றதும் தர்மவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கணவரின் சம்மதம் இல்லாமல் அவளால் மகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. மாலினியை ஊருக்கு அனுப்ப டாக்டருக்கு இஷ்டமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வரவேண்டும், அதுவரை உப்பு உள்ளே போகவேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

பெண்களைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டுச் சாந்திராஜ் மட்டும் திரும்பிப் போனான்.

"என் வொய்ஃபும் வலிப்புல போனா சார். இவளோட அக்கா. எட்டாம் மாசம். உப்பு நார்த்தங்கா தின்னதாலதான்னு சொல்றாங்க."

"அழுத்தம் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ எனக்கு எதுவும் தெரியாது. இதே கோளாறான்னும் தெரியாது. ஆனா ஊறுகாய் தின்னு யாருக்கும் அந்த வலிப்பு வர்றதில்ல. அது வர்றவங்களுக்கு வருது."

சாந்திராஜ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். பஸ் திண்டிவனம் தாண்டுகிறவரை ஒன்றும் பேசவில்லை. அது வழக்கம்தான் என்று மற்ற இருவரும் விட்டுவிட்டார்கள்.

*

மறுநாள் சாயங்காலம். வெயில் இறங்கியிருந்தது, ராஜகிரி மலைமேல் பொழுது இன்னும் இரண்டு கைப்பிடி உயரத்தில் நின்றது. களத்தில் கடலைச் செடிகள் குவிந்துகிடந்தன, ஈரமண் வாசனை. தர்மநாதன் கால் கழுவிவிட்டு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். மாலினி தூணில் சாய்ந்திருந்தாள். ஊர் வந்தும் உப்புக் கஞ்சியை அவள் தொடவில்லை.

சாந்திராஜ் மாமனாருக்கு விளங்குகிற மாதிரி சொல்லப் பார்த்தான்.

"சிங்கவரத்துல நம்ம கடைமடைக் கழனி இருக்குதில்ல மாமா, அதுக்குப் போற வாய்க்கா மண்ணு மூடிக்கிச்சின்னு வெச்சிக்கோங்க. அங்க இருக்கறவன் ஏரியே வத்திப்போச்சின்னு நெனச்சிக்கினு, மதகத் தொறன்னு கத்தறான். தொறந்துட்டாங்க. ஊர்க் கழனியெல்லாம் முழுவுது. அவனுக்கு மட்டும் தண்ணி வரல. இன்னும் கத்தறான். அதான் இவளுக்கு நடக்குது."

தர்மநாதன் யோசித்தார். நாற்பது வருஷம் தண்ணீர் கட்டியவர்.

"சரி. அப்ப வாய்க்காலத் தூர் வாரு. கடைமடக்காரன எதுக்கு வெட்டிப் போடச் சொல்றான் உங்க டாக்டரு? அவன் இன்னா தப்பு பண்ணான்? தண்ணி இல்லன்னான். அவனுக்கு இல்லதானே?"

 "நானும் அதைத்தான் கேட்டேன் மாமா" என்றான். "வாரி பிரயோசனம் இல்ல. பயிரு கருகிப்போச்சி. இனிமே தண்ணி விட்டாலும் தழையாது. கத்தறது மட்டும்தான் நிக்கல."

"ம்."

"ஆபரேஷன பெரியவங்க முடிவு பண்ணிக்கலாம். மொதல்ல இவ உப்பு சாப்டணும். இன்னைக்கே."

"விரதம் எடுத்துருக்குது, மாப்ள."

"ஊசி வழியா ஒடம்புல ஏத்தறாங்களாமே?" என்று தர்மவதி நடுவில் புகுந்தாள். "அந்த மெட்ராஸ் நர்சம்மா சொன்னாங்க. நாக்குல படாது. அது விரதத்துல சேராது இல்ல?"

தர்மநாதன் அதையும் யோசித்தார். "நாக்குல படலன்னா…" என்று இழுத்தார்.

"நாக்குக்கா நைனா விரதம் எடுத்தேன்?" என்றாள் மாலினி. "எனக்கு எடுத்தேன். எந்தப் பக்கமா வந்தாலும் உப்பு உப்புதான்."

தர்மநாதனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மறைக்கவும் தெரியவில்லை. களத்துக்கு அப்பால் தனியாகத் தெரிந்த திருநாதர்குன்றைக் கைகாட்டினார்.

"அதோ நிக்குதே கல்லு. ஐம்பத்தேழு நாளு சாப்புடாம உக்காந்த மகானோட பேர அதுல வெட்டி வெச்சிருக்கறாங்க. நம்ம ஜாதி சனம் பொறந்த ஊரு இது. உப்புக்குப் போயி பின்வாங்கறதா?"

"அவரு உசுரு போறதுக்குன்னே உக்காந்தாரு மாமா" என்றான் சாந்திராஜ். "மாலினி போறதுக்கா உக்காந்துருக்கா?"

 குவியலில் ஒரு கோழி ஏறிக் கிளறியது. விரட்ட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மாலினிதான் முதலில் பேசினாள். குரல் வறண்டிருந்தது.

"நீங்க இன்னா சொன்னாலும் சரி மாமா. நாக்க அடக்கத் தெரியாதவன்னு என்னையும் சொல்ல விடமாட்டேன். அக்கா அப்டித்தான் போயிட்டா. ஒரு நார்த்தங்காத் துண்டுக்கு."

"அக்கா நாக்கால சாவல."

அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. உள்ளே போகத் திரும்பிய தர்மவதி நின்றாள்.

"டாக்டரக் கேட்டுட்டுத்தான் வந்தேன். ஊறுகா தின்னு அந்த வலிப்பு யாருக்கும் வராதாம். அவளுக்குக் கால் வீங்கச்சொல்ல பஜார்ல டாக்டரு இருந்தாரு. கையில துணியச் சுத்தி ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்களும் கூட்டிப்போவல, நானும் கூட்டிப்போவல. பத்தியம் பத்தியம்னு ஜாடிய ஒளிச்சி வெச்சோம். அவ செத்தப்புறம் பழிய அவ நாக்கு மேல போட்டுட்டோம். போட்டுட்டு நிம்மதியா சோறு திங்கறோம்."

"ஏம்பா…" என்றார் தர்மநாதன். 

"இவளும் போனா யார் மேல போடுவீங்க? உப்பு மேலயும் போட முடியாது. அதான் விட்டுட்டாளே."

பொழுது மலையைத் தொட்டுவிட்டது. இறங்கிவிட்டால் விடிகிறவரை மாலினி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தர்மவதி அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். கஞ்சிக் கிண்ணத்தோடும் உப்புச் சட்டியோடும் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த விரதம் கீழ விழவேணாம். நான் எடுத்துக்கறேன்" என்றாள். "இன்னியிலேருந்து எனக்கு உப்பு கெடையாது."

"ஒருத்தர் விரதத்த இன்னொருத்தர் எடுத்துக்க முடியாது" என்றார் தர்மநாதன். வழக்கமாகக் கோயிலில் பேசுகிற குரலில் சொல்ல நினைத்தார். குரல் அப்படி வரவில்லை. "அவங்கவங்க வினை அவங்கவங்களுக்குத்தான். நீ எடுத்துக்கினா இவளுதும் தீராது."

"நான் வினைய எடுத்துக்கல. உப்ப விடறேன். விட எனக்கு உரிமை இல்லியா? ஒருத்திக்கு ஜாடிய ஒளிச்சி வெச்ச கை இது." கஞ்சியில் உப்பைப் போட்டு விரலால் கலக்கினாள். விரலை வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரியா இருக்குதான்னு நீதான் பாத்துச் சொல்லணும். எடு."

மாலினி அப்பாவைப் பார்த்தாள். தர்மநாதன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பாதி வட்டம்தான் மிச்சம் இருந்தது.

"பொழுது போவுது, குடிம்மா" என்றார்.

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு நிறுத்தாமல் குடித்தாள்.

தர்மநாதன் எழுந்துபோய்க் கோழியை விரட்டினார். திரும்பாமலே கேட்டார்: "வெள்ளிக்கெழமைன்னா, எந்த பஸ்ஸுல போவணும்?"

*

ஆபரேஷன் முடிந்தபோது தர்மநாதன் ஒரு விஷயம் கேட்டார். எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்றார். ராஜாங்கம் தயங்கிவிட்டுக் காட்டச் சொன்னார். தட்டில் வதங்கிய அத்திக்காய் போல ஒன்று இருந்தது. தர்மநாதன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாவம்" என்றார். "தண்ணிதான் கேட்டிருக்குது."

அழுத்தம் அன்றைக்கே இறங்க ஆரம்பித்தது. ஊருக்கு வந்த பிறகு அரங்கநாதன் துணியைச் சுற்றிப் பார்த்தார். பழையபடி மறுபடியும் சுற்றிப் பார்த்தார். பிறகு மாலினியைப் பாதரசத்தைப் பார்க்கச் சொன்னார். கண்ணில் பழைய மங்கல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் பாதரசம் எங்கே நிற்கிறது என்று அவளே சொன்னாள். விருத்தாம்பாள், "ஒரு கிட்னிக்காரிய எவன் கட்டுவான்?" என்று ஷெட்டில் கேட்டாள். "கருவாட்டுக்குச் சட்டி ஒடைக்கறவளக் கட்டறவன் இருக்கச்சொல்ல எனக்கு ஒருத்தன் கெடைக்கமாட்டானா?" என்று மாலினி திருப்பிக் கேட்டாள்.

தர்மவதி உப்பைத் தொடவில்லை. எல்லோருக்கும் உப்புப் போட்டுத்தான் சமைத்தாள், ருசி பார்க்காமல். ஒரு நாள் சப்பென்றிருக்கும். ஒரு நாள் கரிக்கும். சாந்திராஜ் எதையும் போட்டபடி சாப்பிட்டான்.

ஆனி மாதம் கொல்லை நார்த்தை காய்த்துத் தொங்கியது. தர்மவதி இரண்டு வருஷத்துக்குப் பிறகு காய்களைப் பறித்து, நறுக்கி, உப்பில் குலுக்கி, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து ஜாடியில் போட்டாள். யாரையும் கேட்டுச் செய்யவில்லை. அன்று சாயங்காலம் மோர்ச் சோற்றுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து சாந்திராஜின் தட்டோரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றாள்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எடுத்து வாயில் அடக்கிக்கொண்டான். மென்றான். அவன் முகம் சுருங்கியது.

"உப்பு தூக்கல், அத்த" என்றான்.

தர்மநாதன் சாப்பிடுகிற கையை நிறுத்தினார்.

"நான் எப்டிப் பாக்கறது? நாக்குல வெக்க முடியாதே" என்றாள் தர்மவதி.

"ஏம்மா" என்று உள்ளேயிருந்து மாலினி கூவினாள். "மாமாவுக்கு உப்பு தெரியுதும்மா!"

தர்மவதி உள்ளே போய் அதே ஜாடியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துவந்து தட்டில் வைத்தாள். அவன் அதையும் சாப்பிட்டான். பிறகு தண்ணீர் கேட்டான். சொம்பு வந்தது, அண்ணாந்து முழுவதும் குடித்தான். போதவில்லை. இன்னொரு சொம்பு கேட்டான்.

பொழுது இன்னும் இருந்தது.